பந்தை விரித்துப் பாயாக்க முடியுமா?

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி என்றதும் பலருக்கு நாவில் நீர் ஊறும். அவ்வூரின் கைமுறுக்கு அத்தனை பெயர் பெற்றது. ஆனால் நாம் இங்கே எடுத்துக்கொள்ளப் போவது முறுக்கை அன்று. பலகாரக் கடையில் கடலையை அள்ளிப் போட்டுத் தருகிறார்களே, அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம்.

கடலையைத் தின்று முடித்தபின் பொட்டலத்தைப் பிரியுங்கள். கூம்பாக இருந்த காகிதம் ஒரு கிழிசலும் ஒரு சுருக்கமும் இன்றி மேசைமேல் தட்டையாகப் படிகிறது. இனி ஒரு கமலாப்பழத்தின் தோலைப் பெரிய துண்டாக உரித்து, அதே மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். விளிம்பெல்லாம் கிழிகிறது. எவ்வளவு பதமாக அழுத்தினாலும் கிழியாமல் படியாது. அடுத்து, பொரித்த அப்பளம் ஒன்றைப் பாருங்கள். எண்ணெயில் இடும் முன் அது தட்டைதான். பொரிந்தபின் விளிம்பு நெளிநெளியாக எழும்பி நிற்கிறது. அழுத்தினால் நொறுங்குமே தவிரப் படியாது.

பொட்டலமும் வளைந்த பொருள்தான். பழத்தோலும் அப்பளமும் வளைந்த பொருள்களே. அப்படியிருக்க, ஒன்று மட்டும் விரிவதேன்? மற்றவை அடம் பிடிப்பதேன்? இக்கேள்விக்கு விடை காண மனித குலம் முந்நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த விடையின் ஒரு பகுதி, நம் ஊர்க் குன்றுகளின் மீதும் கோபுரங்களின் மீதும் நின்று அளந்து பெறப்பட்டது என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள்.

தட்டைத் தகடும் வளைந்த பொருளும்

ஆட்டையாம்பட்டியைச் சுற்றியுள்ள தொழில்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். வடக்கே சேலத்தில் உருக்காலை இருக்கிறது. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1981-இல் உருட்டாலை இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவருவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதாவது, தட்டையான பொருள். மேற்கே திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள். தெற்கே நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். அருகிலேயே இளம்பிள்ளையில் தறிகள். தறியிலிருந்து இறங்கும் துணியும் தட்டையான பொருளே.

ஆலை நமக்குத் தட்டையாகத்தான் தருகிறது. நமக்கு வேண்டியதோ குடம், தொட்டி, புனல், லாரி முகப்பு, சட்டை, செருப்பு. ஆகவே எல்லாப் பட்டறைகளிலும் ஒரே கேள்வி எழுகிறது: இந்த வளைந்த உருவம் வர வேண்டுமானால், தட்டையான தகட்டை எந்த வடிவில் வெட்ட வேண்டும்? அந்த வெட்டு வடிவத்தைத்தான் பட்டறைகளில் டெம்ப்ளேட் என்றும் பேட்டர்ன் என்றும் சொல்கிறார்கள். நாம் வெட்டுப்படிவம் என்று அழைப்போம்.

வெட்டுப்படிவம் தவறினால் தகடு வீண். ஒரு முறை வெட்டிய தகட்டை ஒட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எனவே இது வெறும் கணித விளையாட்டு அன்று. பணமும் உழைப்பும் சம்பந்தப்பட்ட செய்தி.

தகரப் புனலின் கணக்கு

எளிய உதாரணத்தில் தொடங்குவோம். மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலின் மேற்பகுதி ஒரு கூம்பு. வாயின் ஆரம் 9 செ.மீ., கூம்பின் உயரம் 12 செ.மீ. என்று கொள்வோம். சாய்வுயரம் எவ்வளவு? பிதாகரசின் விதிப்படி 81-ஐயும் 144-ஐயும் கூட்டினால் 225. அதன் வர்க்கமூலம் 15 செ.மீ.

ஆகவே தகட்டில் 15 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைய வேண்டும். ஆனால் முழு வட்டமும் தேவையில்லை. புனலின் வாய்ச் சுற்றளவு 9 செ.மீ. ஆரத்துக்கு உரியது. முழு வட்டத்தின் சுற்றளவோ 15 செ.மீ. ஆரத்துக்கு உரியது. 9-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தில் மூன்று பங்கு. 360 பாகையில் ஐந்தில் மூன்று பங்கு 216 பாகை. அந்தக் கோணமுள்ள வட்டத்துண்டை வெட்டி, இரு ஓரங்களையும் சேர்த்தால் புனல் தயார். மூட்டு மடிப்புக்கு ஓரத்தில் சிறிது கூடுதலாக விட்டுக்கொள்ள வேண்டும்; அடியில் குழாய் பொருந்த நுனியைச் சற்றே நறுக்க வேண்டும். அவ்வளவுதான். கணக்கு மிகச் சரியாக வருகிறது. தகடு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

தகர வேலை செய்பவர் இந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்ப்பதில்லை. கவராயமும் கயிறும் வைத்துக்கொண்டு அதே விடையைக் கண்டுவிடுகிறார். தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த அறிவு அது.

ஓவியரும் பார்வையிழந்த மேதையும்

இந்த அறிவை முதன்முதலில் அச்சில் ஏற்றியவர்களுள் ஒருவர் கணித ஆசிரியர் அல்லர், ஓவியர். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் ட்யூரர் 1525-இல் வெளியிட்ட அளவீட்டு நூலில், கனசதுரம் முதலிய பன்முகத் திண்மங்களை எப்படித் தட்டையாக விரிப்பது என்று படம் வரைந்து காட்டினார். இன்று இனிப்புக் கடையில் அட்டையை மடித்துப் பெட்டியாக்குகிறார்களே, அந்த விரிவுப் படங்களின் மூதாதை அதுதான்.

18-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மேதை லியோன்ஹார்ட் ஆயிலர் கேள்வியைப் பொதுமையாக்கினார். 'எந்தெந்தத் திண்மங்களின் பரப்பைத் தட்டையாக விரிக்க இயலும்?' என்பதே 1772-இல் வெளியான அவருடைய கட்டுரையின் பொருள். அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முற்றும் இழந்திருந்தார். கண்ணால் காண முடியாத பரப்புகளை மனத்தால் விரித்துப் பார்த்தார்! உருளை, கூம்பு, இவற்றோடு ஒரு வளைகோட்டின் தொடுகோடுகள் யாவும் சேர்ந்து உண்டாக்கும் பரப்பு ஆகியவை விரியும் என்று கண்டார். சில ஆண்டுகளுக்குப் பின், கோளத்தின் எந்தத் துண்டையும் அளவு மாறாமல் தாளில் படிய வைக்க முடியாது என்பதையும் நிறுவினார்.

பிரான்சில் காஸ்பார் மாஞ்சு இந்தக் கலையை ஒழுங்கான பாடமாக்கினார். கோட்டைக் கட்டுமானத்துக்குப் பயன்பட்டதால் தொடக்கத்தில் அது இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 1795-இல்தான் வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது. பாலிடெக்னிக் மாணவர்கள் எஞ்சினியரிங் டிராயிங் வகுப்பில் 'பரப்புகளின் விரிவு' என்று படிப்பது இதன் வழிவந்ததே.

ஆயிலர் 'முடியாது' என்றார். ஆனால் எவ்வளவு முடியாது? அதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமே! அந்த அளவுகோல் நில அளவையிலிருந்து வந்தது.

குன்றின்மேல் வைத்த கருவி

1802 ஏப்ரல் மாதம். சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் 12 கிலோமீட்டர்தான். 100 அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் இட்டு, வெப்பத்தால் சங்கிலி நீள்வதையும் கணக்கில் கொண்டு அளந்ததால் ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. அந்த ஒரே கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? இவ்வாறு தெற்கே குமரிமுனைப் பகுதியிலிருந்து வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்கு ஒரு முக்கோணச் சங்கிலி எழுந்தது. 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டிச் செல்லும் இதற்குப் பெருவில் என்று பெயர். ஆட்டையாம்பட்டிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேதான் அந்த 78 பாகைக் கோடு செல்கிறது.

கோணம் அளக்க லாம்டன் பயன்படுத்திய தியோடோலைட் அரை டன் எடையுள்ளது. குன்று இருந்தால் குன்றின்மேல் ஏற்றினார்கள். காவிரிச் சமவெளியில் குன்று ஏது? கோயில் கோபுரங்களின்மேல் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு கோணிப்போயிற்று. லாம்டன் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் அமர்ந்து ஆறு வார காலம் உழைத்து அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இத்தனை பாடு எதற்கு? பள்ளியில் நீங்கள் படித்தது நினைவிருக்கும்: முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. இது தட்டைத் தாளுக்குப் பொருந்தும். பூமி தட்டையன்று. அதன்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையைவிடச் சற்றே கூடுதலாக வரும். எவ்வளவு கூடுதல்? முக்கோணத்தின் பரப்பு சுமார் 197 சதுர கிலோமீட்டராக இருந்தால் ஒரு விகலை, அதாவது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. பக்கத்துக்கு 30 கி.மீ. உள்ள முக்கோணத்தில் சுமார் இரண்டு விகலை. ஒரு விகலை என்பது எத்தனை சிறியது தெரியுமா? ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த, இரண்டரை சென்டிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு பொருள் நம் கண்ணில் உண்டாக்கும் கோணம்! லாம்டனின் கணக்கேடுகளில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இந்தக் கூடுதலும் கணக்கிடப்பட்டது. அரை டன் கருவி அதற்காகத்தான்.

லாம்டன் 1823-இல் பணியிலேயே இறந்தார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். இந்த அளவைகளிலிருந்து 1830-இல் அவர் கணித்த பூமியின் ஆரம், நிலநடுக்கோட்டில் சுமார் 6,377 கி.மீ.; துருவத்தில் சுமார் 6,356 கி.மீ. பூமி சரியான பந்துகூட இல்லை. மேலும் கீழும் சற்றே சப்பையானது.

எறும்புக்குத் தெரிந்த உண்மை

அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் ஃபிரெடரிக் காஸ் என்ற கணித மேதை ஹானோவர் நாட்டை அளந்துகொண்டிருந்தார். வயலிலும் மலையிலும் முக்கோணம் அளந்த அனுபவம் அவரை ஓர் ஆழ்ந்த சிந்தனைக்கு இட்டுச் சென்றது. 1827-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற முடிவுக்கு அவரே 'சிறப்புமிக்க தேற்றம்' என்று பெயர் சூட்டினார். தற்பெருமை பேசாத காஸ் அப்படிச் சொன்னாரென்றால் அதன் அருமையை நீங்களே ஊகிக்கலாம்.

தேற்றத்தை ஓர் எறும்பின் வாயிலாக விளங்கிக்கொள்வோம். ஒரு பரப்பின்மேல் வாழும் எறும்பு அதை விட்டு மேலே பறக்காது. ஊர்ந்து ஊர்ந்து நீளமும் கோணமும் மட்டும் அளக்கும். தான் வாழும் பரப்பு வளைந்ததா என்று அது கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்கிறார் காஸ். ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் சம தூரம் சென்று ஒரு வட்டம் போடட்டும். சுற்றளவு, ஆரத்தைப்போல் 2π மடங்கு இருந்தால் அங்கே வளைமை சுழி. குறைந்தால் வளைமை நேர், அது பழத்தோல். கூடினால் வளைமை எதிர். அது அப்பளத்தின் விளிம்பு. பொரியும்போது விளிம்பின் நீளம் தேவைக்கு மேல் கூடிவிடுகிறது; உட்கார இடமில்லாமல் அது நெளிகிறது.

பொட்டலத்தின்மேல் ஊரும் எறும்புக்கோ, தான் சுருட்டிய தாளில் இருக்கிறோமா விரித்த தாளில் இருக்கிறோமா என்பதே தெரியாது. சுருட்டுவதால் அதன் அளவுகள் எவையும் மாறுவதில்லை. ஆகவே முடிவு இதுதான்: நீட்டாமல், சுருக்காமல், கிழிக்காமல் வளைத்தால் ஒரு பரப்பின் வளைமை மாறாது. சுழி வளைமையுள்ள தாள் ஒருநாளும் பந்தாகாது; பந்து ஒருநாளும் பாயாகாது.

ஆறு முக்கோணங்கள்

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். தடித்த காகிதத்தில் ஒரே அளவுள்ள சமபக்க முக்கோணங்கள் பலவற்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கோணமும் 60 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு முக்கோணங்களை ஒட்டுங்கள். 360 பாகை நிரம்பி, தட்டையாக அமரும். ஐந்தை மட்டும் ஒட்டுங்கள். 60 பாகை குறைவதால் நடுப்பகுதி குன்றாக எழும்பும். ஏழை ஒட்டுங்கள், 60 பாகை மிகுந்து அப்பளம்போல் நெளியும். வளைமையின் இரகசியம் முழுவதும் இந்தக் குறைவிலும் மிகுதியிலும் அடங்கியிருக்கிறது.

காஸுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே டேகார்த் இதில் ஒரு விந்தையைக் கண்டிருந்தார். கனசதுரத்துக்கு 8 முனைகள், முனைக்கு 90 பாகை குறைவு, மொத்தம் 720. நான்முகிக்கு 4 முனைகள், முனைக்கு 180 குறைவு, மொத்தம் 720. ஐங்கோணமும் அறுகோணமும் வைத்துத் தைக்கும் கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் 108, 120, 120 கூடி 348 பாகை, குறைவு 12, முனைகள் 60, மொத்தம் மீண்டும் 720! துளையில்லாத எந்த மூடிய உருவமானாலும் கணக்கு இதுதான். இந்த 720-ஐ யாரும் குறைக்க முடியாது. பல முனைகளில் பங்கிடலாம், ஓரிடத்தில் குவிக்கலாம், ஆனால் ஒழிக்க முடியாது.

பிழையை எங்கே வைப்பது?

ஒழிக்க முடியாத பிழையை என்ன செய்வது? தொழில்கள் மூன்று வழிகளைக் கண்டன. வெட்டுவது ஒன்று, நீட்டுவது மற்றொன்று, பரப்பிவிடுவது இன்னொன்று.

வெட்டும் வழிக்குத் தையற்கலை சாட்சி. இரவிக்கையில் தையற்காரர் 'டாட்' பிடிக்கிறார். துணியில் ஒரு கூரிய முக்கோணத்தை மடித்துத் தைத்துவிடுகிறார். ஆறு முக்கோணத்தில் ஒன்றை எடுத்தது போலத்தான் இது. பெரிய எரிவாயுக் கோளக் கலன்களையும் தகட்டை இதழ் இதழாக வெட்டி, சேர்த்துப் பற்றவைத்தே கட்டுகிறார்கள்.

நீட்டும் வழிக்குக் கன்னார் சாட்சி. செப்புத் தகட்டைச் சுத்தியால் தட்டித்தட்டியே குடமாக்குகிறார். தட்டிய இடம் மெலிந்து பரப்பு கூடுகிறது. நெடுஞ்சாலையில் செல்லும் எரிவாயு டேங்கர் லாரியைக் கவனியுங்கள். அதன் நடுவுடல் உருளை. தகட்டை உருட்டினாலே போதும். இரு முனைகளிலும் உள்ள குமிழ்மூடிகள் அப்படியல்ல; அவற்றை அழுத்தித்தான் உருவாக்க வேண்டும். 10 செ.மீ. ஆரமுள்ள ஓர் அரைக்கோளக் கிண்ணத்தை எண்ணுங்கள். தகட்டின் பரப்பும் கிண்ணத்தின் பரப்பும் சமமாக இருக்க வேண்டுமானால் 14.1 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தகடு வேண்டும். அதன் சுற்றளவு சுமார் 89 செ.மீ.; கிண்ணத்தின் வாய்ச் சுற்றளவோ சுமார் 63 செ.மீ. விளிம்பில் இருபத்தாறு சென்டிமீட்டர் ஒடுங்கியாக வேண்டும்! அதே வேளையில் நடுவிலிருந்து விளிம்பு வரை 14.1 செ.மீ. இருந்தது 15.7 செ.மீ. ஆக நீள வேண்டும். இந்த இழுபறியில் தகடு சில இடங்களில் மெலிகிறது. உயர் அழுத்த வாயுவைத் தாங்க வேண்டிய மூடி மெலிந்தால் என்ன ஆகும்? அதனால்தான் சற்றுத் தடித்த தகட்டில் தொடங்குகிறார்கள். அழுத்தி முடித்தபின் கனத்தை மீண்டும் அளந்து பார்க்கிறார்கள். காஸின் தேற்றம் இங்கே உயிர் காக்கும் செய்தியாகிவிடுகிறது.

பரப்பிவிடும் வழிக்கு வரைபடம் சாட்சி. 1569-இல் மெர்காட்டர் வரைந்த உலகப்படம் கோணத்தைக் காத்தது, பரப்பைக் கைவிட்டது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. நம் இந்திய நில அளவைத் துறை நீண்ட காலம் வேறு வழியைக் கையாண்டது. பூமியின் ஒவ்வோர் அட்சரேகைக்கும் ஒரு காகிதக் கூம்பை மாட்டி, அந்தக் கூம்புகளைப் பிரித்து விரித்தாற்போன்ற பல்கூம்பு முறை அது. நம் கடலைப் பொட்டலம் இங்கே வந்துவிட்டது பார்த்தீர்களா? ஒரு தாளுக்குள் பிழை கண்ணுக்கே தெரியாது. பற்பல தாள்களை ஒட்டிக்கொண்டே போனால்தான் இடைவெளி தலைகாட்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப்பயன் வரைபடங்கள் குறுக்கு மெர்காட்டர் என்ற வேறு முறைக்கு மாறிவிட்டன.

தறியும் தோலும்

துணிக்குத் தனிக்குணம் ஒன்றுண்டு. பாவு நூலும் ஊடை நூலும் நீளவாட்டில் எளிதில் நீளா. ஆனால் அவை சந்திக்கும் செங்கோணம் சாய்ந்து கொடுக்கும். கைக்குட்டையை மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் தெரியும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒரு கோளத்தைத் துணியால் எப்படிப் போர்த்துவது என்று ரஷ்ய மேதை செபிஷேவ் கணக்கிட்டார். 1878-இல் பாரிசில் நடந்த அறிவியல் கூட்டத்தில் 'உடை வெட்டுதல்' பற்றி அவர் உரையாற்றினார். தையற்காரரின் கத்தரிக்கோலைக் கணித மேடைக்கு ஏற்றிய பெருமை அவரைச் சாரும்.

நம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக் காலணித் தொழிலில் இதே சிக்கல் நாள்தோறும் எழுகிறது. பாதத்தின் வடிவிலுள்ள கட்டையை 'லாஸ்ட்' என்பார்கள். குதிகாலும் முன்பாதமும் நேர் வளைமை. நடுவில் இடுக்குப் பகுதி எதிர் வளைமை. இதை எப்படி விரிப்பது? கட்டையின்மேல் ஒட்டுத்தாளைச் சுற்றி ஒட்டி, கோடுகளை வரைந்து, கத்தியால் கீறி உரித்து, அட்டைமேல் அழுத்துவார்கள். படியாத இடங்களில் ஓரத்தில் சிறு கீறல்கள் இடுவார்கள். உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் சராசரி எடுப்பார்கள். தோல் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் நீளும். குறைவாக நீளும் திசை பாதத்தின் நீளவாட்டில் அமையுமாறு வெட்டுவார்கள். இல்லாவிடில் சில மாதங்களில் காலணி தொளதொளவென்று ஆகிவிடும். 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலுக்கு அறிவியல் துணையாக இருந்து வருகிறது.

கணிப்பொறி என்ன செய்கிறது?

பிரான்சின் மோட்டார் கார் ஆலைகளில், சித்ரோயன் நிறுவனத்தின் டெ காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பெசியேவும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காரின் வளைந்த உடலை எண்களால் எழுதும் முறைகளைக் கண்டனர். 1963-இல் அமெரிக்காவின் இவான் சதர்லாந்து, திரைமேல் ஒளிப்பேனாவால் வரையும் முறையைச் செய்து காட்டினார். கேட் எனப்படும் கணிப்பொறி வரைகலை இவ்வாறு வளர்ந்தது. இன்று வளைபரப்பை விரித்துத் தரும் மென்பொருள்கள் காலணி, கார் இருக்கை, படகுப்பாய், தகட்டுவேலை முதலிய துறைகளில் பரவிவிட்டன.

அவை வேலை செய்யும் விதம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்! பரப்பை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஆம், லாம்டன் நம் நாட்டின்மேல் போர்த்திய அதே முக்கோண வலைதான். முதல் முக்கோணத்தைத் திரையில் தட்டையாக வைக்கிறது. அதன் பக்கத்தில் அடுத்தது. அதன் பக்கத்தில் அடுத்தது. ஒரு முனையைச் சுற்றி வந்தால் கோணம் குறைகிறது அல்லது மிகுகிறது. நாம் ஐந்தும் ஏழும் ஒட்டிப் பார்த்தோமே, அதே இடர்தான். உடனே ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு சுருள்வில்லாகக் கருதிக்கொள்கிறது. சில வில்கள் இழுபடும், சில அமுங்கும். எல்லா வில்களிலும் தேங்கிய ஆற்றலின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்வரை முனைகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. இயற்பியல் மாணவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆற்றல் குறைந்த நிலையே சமநிலை. இறுதியில் எங்கே இழுவை, எங்கே அமுக்கம் என்பதை நிறங்களால் காட்டுகிறது. கோணங்களைக் காப்பதையே முதன்மையாகக் கொண்ட வேறு முறைகளும் உண்டு. 2002-இல் பிரான்சில் புருனோ லெவியும் அவருடைய நண்பர்களும் வெளியிட்ட முறை அவற்றுள் பெயர்பெற்றது. இது மெர்காட்டரின் மனப்பாங்கு என்று சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொத்தானை அழுத்தியதும் அழகான படிவம் திரையில் வந்துவிடுவதால், 'கணிப்பொறி சிக்கலைத் தீர்த்துவிட்டது' என்று பலர் எண்ணுகிறார்கள். காஸ் 'முடியாது' என்றதைக் கணிப்பொறியால் முடித்துவிட இயலாது. அது பிழையைப் பங்கிட்டுத்தான் தருகிறது. எந்த இடத்தில் எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் மனிதர். தோல் இரண்டு விழுக்காடு நீண்டாலும் கவலையில்லை. தடித்த எஃகுத் தகட்டை அப்படிக் கையால் இழுத்துப் பொருத்த முடியுமா? மூட்டை எங்கே வைப்பது? கண்ணில் படாத இடத்திலா, பலம் குன்றாத இடத்திலா? பாவு எந்தத் திசையில் ஓட வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை கன்னாரிடமும் தையற்காரரிடமும் காலணிப் பட்டறையிலும் இருக்கிறது. கவராயமும் கயிறும் பிடித்த கைகளோடு அந்த அறிவு போய்விட்டால், திரையில் தெரியும் நிறங்களுக்குப் பொருள் சொல்ல ஆளிருக்காது.

ஆகவே தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ படிக்கும் நண்பர்களே, இத்தகைய மென்பொருள் உங்கள் கைக்கு வரும்போது அதனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பரப்பின் வளைமை சுழியா, நேரா, எதிரா? சுழி இல்லையெனில் பிழையை எங்கே வைத்திருக்கிறாய்? நான் வெட்டப்போகும் பொருள் அந்தப் பிழையைத் தாங்குமா? இவற்றுக்கு விடை தெரிந்தபின் தகட்டில் கத்தியை வையுங்கள்.

அதற்கு முன்பு ஒரு சிறு பயிற்சி. சமபக்க முக்கோணங்கள் இருபதை வெட்டி, எல்லா முனைகளிலும் ஐந்து ஐந்தாகச் சேருமாறு ஒட்டுங்கள். ஏறத்தாழ ஒரு பந்து கிடைக்கும். அதற்கு எத்தனை முனைகள் என்று எண்ணி, முனைக்கு 60 பாகை வீதம் பெருக்கிப் பாருங்கள். எந்த எண் வருகிறது?